எண்ணெய் இறங்கும் வழி

மார்ச் 3, செவ்வாய்

என் தம்பி எனக்கு அநியாயம் செய்துவிட்டான். கண் ஆபரேஷனுக்காக ஒன்பது நாள் மகள் வீட்டில் இருந்தேன். அந்த ஒன்பது நாளுக்குள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், டிராக்டரின் டர்போவுக்கு நான் போட்டிருந்த எண்ணெய்க் குழாயைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, எஞ்சினின் அடிப்பெட்டியில் ஓட்டை போட்டு வேறு குழாய் மாட்டியிருக்கிறான். எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் அப்படி நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

டிராக்டர் இருவருக்கும் பொது. முப்பத்தோரு வருடமாகப் பொது. ஆனால் அதற்கு டர்போ வைத்தவன் நான். மேட்டுத் தோட்டத்தில் முந்நூறு எலுமிச்சைக் கன்றுகள் நிற்கின்றன. நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் கொடுத்தாக வேண்டும். முழுத் தொட்டியை இழுத்துக்கொண்டு ஏறினால் பாதி மேட்டில் வண்டிக்கு மூச்சு முட்டி நின்றுவிடும். உடைக்க வந்த பழைய லாரி ஒன்றிலிருந்து, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊதித் தள்ளும் டர்போவைக் கழற்றி வந்து, எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல், பார்த்துப் பார்த்து மாட்டினேன். முழுத் தொட்டியோடு மூன்றாம் கியரில் ஏறியது. அன்றைக்கு இதே தம்பிதான், "அண்ணே, நீங்க நீங்கதான்" என்றான். அதுவும் இந்த நோட்டில் இருக்கிறது, நவம்பர் 8.

டர்போவின் உயிர் எண்ணெயில் இருக்கிறது. உள்ளே விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தண்டு, கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றுகிறது. அதற்கு எண்ணெயை எஞ்சின் அழுத்தம் கொடுத்து உள்ளே தள்ளும். வெளியே வரும்போது தள்ள ஆளில்லை. தன் எடையால் தானாகத்தான் கீழே விழ வேண்டும். விழ வழியில்லை என்றால் தண்டைச் சுற்றித் தேங்கும், கசிவைத் தடுக்கும் சீலைத் தாண்டும், எரியும், பின்னால் நீலப் புகையாக வரும். ஆகவே எண்ணெய் திரும்பும் குழாய் அகலமாக இருக்க வேண்டும், சரிவாக இறங்க வேண்டும். நான் அதை எஞ்சினின் பக்கவாட்டு மூடியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். நான்கு மாதம் ஓடியது. காலையில் கொஞ்சம் புகையும். காலையில் எனக்கும்தான் இருமல் வருகிறது. என்னைக் கழற்றிவிட்டார்களா?

அவன் சொல்லும் காரணம்: "உங்க குழாய் நடுவுல தொட்டில் மாதிரி தொங்கிச்சு அண்ணே. எண்ணெய் இறங்கி மறுபடி ஏறணும்னா எப்படிப் போகும்? இப்ப நேரா கீழ, ஆயில் சேம்பருக்கே விட்டுட்டேன்." எண்ணெய் தேங்கி நிற்கும் அடிப்பெட்டியை அவன் அப்படித்தான் சொல்வான். தொழிற்பள்ளியில் இரண்டு வருடம் படித்தவன்.

முழுத் தொட்டியோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தானாம். ஒரு நூல் புகை இல்லையாம். நான் பார்க்கவில்லை. நான் பார்க்காததை இந்த நோட்டில் உண்மை என்று எழுத மாட்டேன்.

வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

காலையில் எண்ணெய் பார்த்தேன். அது என் வேலை. அளவுக் குச்சியை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. ஒன்பது நாளும் தொட்டிருக்க மாட்டார்கள், குச்சியின் பிடியில் தூசி அப்படியே இருந்தது.

கோட்டுக்கு எவ்வளவோ கீழே நிற்கிறது எண்ணெய். ஓட்டை போடத் தெரிந்தவனுக்கு எண்ணெய் ஊற்றத் தெரியவில்லை. கோடு வரும்வரை ஊற்றினேன். ஏறக்குறைய இரண்டு லிட்டர்.

மதியம் தம்பி தண்ணீர்த் தொட்டியோடு மேட்டுக்குப் போனான். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பாதி மேடு. நீலமாக ஒன்று கிளம்பியது பாருங்கள், பின்னால் வந்த தொட்டியே தெரியவில்லை. இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன, சர்டிபிகேட் புகையுதா?" என்று கேட்டேன்.

ஸ்பேனர் பெட்டியை எடுக்கப் போனான்.

மார்ச் 6, வெள்ளி

நேற்றும் இன்றும் கழற்றிப் பார்த்தான். குழாயைக் கழுவினான். டர்போவின் சீல்களை மாற்றினான். எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினான். மாலையில் ஓட்டிக் காட்டினான். புகை இல்லை. இதை நான் பார்த்தேன், எழுதுகிறேன்: புகை இல்லை.

மார்ச் 7, சனி

காலையில் குச்சியைப் போட்டால் மறுபடி குறைவு. ஒரே இரவில் இரண்டு லிட்டர் எங்கே போகும்? தரையில் சொட்டு இல்லை. எஞ்சினின் பின் சீல் வழக்கம்போலக் கொஞ்சம் கசிகிறது, அது இருபது வருடக் கதை, மூன்று முறை மாற்றியும் கசிகிறது. அதைக் கணக்கில் எடுக்க முடியாது. அவன் போட்ட குழாய்தான் எண்ணெயைத் தின்கிறது.

ஊற்றினேன். தம்பியைக் கூப்பிட்டு, "உன் வண்டி எண்ணெய் குடிக்குது, போய்ப் பாரு" என்றேன்.

மேட்டில் ஏறியது. புகைந்தது.

மார்ச் 9, திங்கள்

தம்பி வந்து வாசற்படியில் நின்றான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, என் மனைவி சொன்னாள். உட்காரவில்லை.

"அண்ணே, எண்ணெய் குடிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. சீல் மாத்தியும் புகையுது. டர்போ போச்சு. எஞ்சினும் பழசு. இனிமே இதைக் கட்டிக்கிட்டு அழ முடியாது. இருபத்தொண்ணாம் தேதி ஒருத்தர் வண்டி பார்க்க வர்றார். குடுத்துட்டு வேற வாங்கிக்கலாம்."

"என் பங்கை விக்க நீ யாரு?"

"அப்ப உங்க பங்கை மட்டும் எடுத்து வெச்சுக்கங்க. முன் சக்கரம் ரெண்டும் உங்களுக்கு."

என் மனைவி சிரித்துவிட்டாள். அவள் யார் பக்கம் என்று எனக்கு எப்போதும் தெரிவதில்லை.

அவன் போன பிறகு யோசித்தேன். பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஓட்டை தாழ்ந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று நான் நிரூபித்தால் போதும். ஓட்டையை அடைத்துவிட்டு என் குழாயைப் பழையபடி மாட்டலாம். வண்டி நம்மிடமே நிற்கும். வண்டி போய்விட்டால் அந்த டிராக்டர் கொட்டகையில் எனக்கு என்ன வேலை? இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 11, புதன்

டாக்டர் குனியக் கூடாது என்றிருக்கிறார். மகளும் தினம் போன் செய்து, "அப்பா, குனியலையே?" என்கிறாள். குனியாமல் டிராக்டருக்கு அடியில் எப்படிப் பார்ப்பது? மனைவியைக் கூட்டிப் போனேன். பாய் விரித்துப் படுத்துப் பார்த்தாள்.

"என்ன தெரியுது?"

"அழுக்கு தெரியுது."

"குழாய் எப்படிப் போகுது, அதைச் சொல்லு."

"மேல இருந்து கீழ போகுது. வேற எப்படிப் போகும்?"

"தொங்குதா?"

"உங்களோடதுதான் தொங்கிச்சு. இது கம்பி மாதிரி நேரா இருக்கு."

"அதை யாரு கேட்டா?"

"நீங்கதாங்க கேட்டீங்க."

முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 12, வியாழன்

கண்ணுக்குச் சொட்டு மருந்து மூன்று வேளை. தம்பியோடு பேச்சு எந்த வேளையும் இல்லை.

மார்ச் 14, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

லேத் பட்டறைக்காரரிடமிருந்து ஒரு முழம் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய் வாங்கி வந்தேன். எண்ணெய் சூடேறினால் இளகிவிடும், இரண்டு நிமிடத்துக்குத் தாங்கும். தம்பி போட்ட குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் இதை மாட்டி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டேன். கழற்றியதும் மாட்டியதும் மனைவி. சொன்னது நான்.

நல்ல வழியில் எண்ணெய் குழாயின் அடிப்பக்கமாக வழிந்து ஓடும், மேலே காற்று இருக்கும். இங்கே அப்படி இல்லை. கீழ்ப்பாதி முழுக்க எண்ணெய் நிற்கிறது. நின்று, நுரைத்து, மெல்ல மேலே ஏறுகிறது. கீழே போக இடமில்லை. அதாவது அவன் போட்ட ஓட்டை எண்ணெய் மட்டத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் நிறைந்த வாளிக்குள் குழாயை விட்டுவிட்டு ஏன் வடியவில்லை என்று கேட்பது மாதிரி.

பிளாஸ்டிக் குழாயைக் கழற்றாமல் எஞ்சினை மட்டும் நிறுத்திவிட்டு, தம்பி வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். அவனும் அவன் மனைவியும் வந்தார்கள். இன்னொரு நிமிடம் ஓடவிட்டுக் காட்டினேன். தம்பி குனிந்து பார்த்தான். "இருக்க முடியாதே" என்றான்.

"கண்ணுக்கு முன்னால இருக்கு. ஆபரேஷன் எனக்கா உனக்கா?"

தம்பி மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு என்னிடம் பயமில்லை, மரியாதை உண்டு. மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோவதில் பாதி நாள் வண்டி ஓட்டுவது அவள்தான்.

திங்கட்கிழமை எல்லார் முன்னிலையிலும் அளந்து காட்டப் போகிறேன். தம்பிக்கு அந்த ஓட்டையைப் போட்டுக் கொடுத்த லேத் பட்டறைக்காரரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

லேத் பட்டறைக்காரருக்கு ஊரில் பெயர் 'அரைநூல்'. எதையும் அரை நூல் பிசகாமல் அளப்பவர். வந்ததும் முதலில் தன் பக்கத்தைச் சொன்னார். பெட்டி வார்ப்பிரும்பு, பற்றவைத்தால் விரிசல் விடும், அதனால் துளைத்து, குழாயைத் திருகி மாட்ட மரை வெட்டினாராம். இரும்புத் தூள் உள்ளே விழாமல் இருக்கத் துளைப்பான் நுனியில் கிரீஸ் அப்பித் துளைத்தாராம். "எண்ணெய் மட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலதான் ஐயா ஓட்டை. புத்தகத்துல இருக்கிற அளவைப் பார்த்துத்தான் கோடு போட்டேன். அதுக்கு மேல போனா பெட்டியே முடிஞ்சுடுது."

"புத்தகம் கிடக்கட்டும். வண்டியை அளப்போம்" என்றேன்.

கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு வந்திருந்தேன். ஒரு முனையை மனைவி ஓட்டையின் உதட்டில் பிடித்தாள். மறு முனையைக் குச்சி இறங்கும் குழலின் பக்கத்தில் நான் பிடித்தேன். தண்ணீர் ஆடி நின்றது. குழலின் வாயிலிருந்து ஓட்டை உதடு வரை நாற்பத்தொரு சென்டிமீட்டர் கீழே. பிறகு குச்சியை எடுத்து, குழல் வாயில் வந்து உட்காரும் பிடியிலிருந்து என் கோடு வரை அளந்தேன். முப்பத்தொன்பது.

இரண்டு சென்டிமீட்டர். ஓட்டை முழுக்க எண்ணெய்க்குள். எல்லாரும் பார்த்தார்கள். தம்பி இரண்டு முறை தானே அளந்தான். முப்பத்தொன்பதுதான்.

அவன் முகம் கறுத்துப் போனதைப் பார்த்தேன். நினைத்த அளவு சந்தோஷமாக இல்லை, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அரைநூல் குச்சியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கம்பெனி குச்சியா ஐயா?"

"கம்பெனி குச்சி ஒடிஞ்சு காலமாச்சு. இது நான் செஞ்சது."

"நல்லாச் செஞ்சிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு. கோட்டை நான் எதை வைத்துப் போட்டேன்?

மார்ச் 17, செவ்வாய்

பழைய நோட்டுகள் இருக்கும் பெட்டியைப் பிரித்தேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டு. என் கையெழுத்து இப்போதையதை விட நன்றாக இருக்கிறது. அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"எண்ணெய்க் குச்சி ஒடிந்துவிட்டது. மரப்பெட்டியைச் சுற்றி வந்த இரும்புப் பட்டையில் புதிது செய்தேன். பழைய எண்ணெயை வடித்துவிட்டு ஐந்து லிட்டர் கேன் இரண்டு ஊற்றி, ஈரம் வந்த இடத்தில் அரத்தால் கோடு. பிரமாதமாக இருக்கிறது."

கேன் இரண்டு. பத்து லிட்டர்.

வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எட்டு லிட்டர் என்றிருக்கிறது. இந்தப் புத்தகத்தை அப்போது நான் பிரிக்கவில்லை. இரண்டு கேன் வாங்கியிருந்தேன், இரண்டையும் ஊற்றினேன். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்திருப்பேன். அப்படித்தான் நினைத்திருப்பேன், வேறெப்படி?

அப்படியானால் தம்பி எட்டு லிட்டர் அளந்து ஊற்றியது சரி. அவன் ஓட்டிப் பார்த்தபோது புகையாததும் சரி. காலையில் நான் போய் என் கோடு வரை ஊற்றி அந்த ஓட்டையை மூழ்கடித்தேன். பிறகு வண்டி எண்ணெய் குடிக்கிறது என்று சொன்னதும் நான். அது ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அதை நம்பித்தான் அவன் டர்போ போய்விட்டது என்று முடிவு செய்தான். நான் சொன்னதை நம்பி.

என் குழாய் மேலே பக்கவாட்டில் இருந்ததால் தப்பித்தது. எண்ணெய் எவ்வளவு ஏறினாலும் அதற்கு எட்டாது.

பின் சீல்! இருபது வருடக் கசிவு. மூன்று சீல். அந்தச் சீல் செய்தவனை நான் திட்டாத திட்டு இல்லை. எண்ணெய் அளவுக்கு மேல் நின்றால் எந்த சீல் தாங்கும்?

மனைவி வந்து, "என்னங்க, சாப்பிடலையா?" என்றாள். பசிக்கவில்லை என்றேன்.

மார்ச் 18, புதன்

ஒரு யோசனை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். யாருக்கும் தெரியாமல் இரண்டு லிட்டரை வடித்துவிட்டு, அந்தப் பழைய நோட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடலாம். புகை நின்றுவிடும். ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் ஏன் நின்றது என்று தெரியாத வண்டியை எவன் வைத்துக்கொள்வான்? தம்பி சனிக்கிழமை விற்றுத்தான் தீருவான். காரணம் சொன்னால்தான் வண்டி நம்மிடம் நிற்கும். காரணம் நான்.

முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். நானும் மனைவியும் எண்ணெயைப் பக்கெட்டில் வடித்து, எட்டு லிட்டர் அளந்து ஊற்றினோம். தம்பி வீட்டில் இல்லை. அவன் மனைவியைக் கூப்பிட்டு முழுத் தொட்டியோடு ஏறச் சொன்னேன். ஏறினாள். உச்சி வரை. வெறும் வானம்தான் தெரிந்தது, நீலமாக வேறொன்றும் இல்லை. கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு இறங்கி வந்து கேட்டாள்:

"மாமா, என்ன மந்திரம் போட்டீங்க?"

"ரெண்டு லிட்டர் எடுத்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள், பக்கெட்டைப் பார்த்தாள். கெட்டிக்காரி. மேலே கேட்கவில்லை.

"அவன்கிட்ட நீ சொல்லாதே. நான் சொல்றேன்."

"எப்ப சொல்வீங்க?"

"சொல்றேன்னா சொல்றேன்."

மார்ச் 19, வியாழன்

சொல்லவில்லை. இரண்டு முறை அவன் வாசல்வரை போனேன். ஒரு முறை நாய் குரைத்தது. ஒரு முறை நாய்கூடக் குரைக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

சொன்னேன்.

தம்பி கொட்டகையில் விற்பனைக்காக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். எதிரில் இருந்த வேலை மேசையில் குச்சியை வைத்தேன். பக்கத்தில் பழைய நோட்டைப் பக்கம் திறந்து வைத்தேன். கம்பெனிப் புத்தகத்தையும் வைத்தேன். வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். நோட்டைப் படித்தான், புத்தகத்தைப் படித்தான், மறுபடி நோட்டைப் படித்தான்.

"ரெண்டு கேனா?" என்றான்.

"ரெண்டு கேன்."

"அப்ப பின் சீல்?"

"அதுவும்தான்."

"மூணு தடவை வண்டியை ரெண்டாப் பிளந்து மாத்தினேனே அண்ணே. மூணு தடவை."

"தெரியும். நோட்டுல இருக்கு."

பழைய டயர் மேல் உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வர, இருமல் வரச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக நான் போகவில்லை.

அவன் ஓய்ந்ததும் சொன்னேன். "ஆனா என்னைக் கேட்காம நீ கழட்டினது தப்பு."

"தப்புதான் அண்ணே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்பவும் கேட்டிருக்கணும்."

தலையை ஆட்டினான். பிறகு என் பழைய குழாயை மூலையிலிருந்து எடுத்து வந்து இரு கையாலும் தூக்கிப் பிடித்துக் காட்டினான். நடுவில் தொங்கியது. தொட்டில் மாதிரியேதான். நான் மாட்டியபோது அப்படித் தொங்கவில்லை. சூட்டில் இளகியிருக்கும். இருக்கலாம்.

"உள்ள வாங்கண்ணே, டீ குடிச்சுட்டுப் போங்க" என்றான். போனேன்.

மார்ச் 21, சனி

வண்டி பார்க்க வந்தவர் பத்து மணிக்கு வந்தார். தம்பி அவரிடம், "மன்னிச்சுக்கங்க, வண்டி குணமாயிடுச்சு" என்றான். வந்தவர் என்னைப் பார்த்து, "என்ன கோளாறுங்க இருந்துச்சு?" என்று கேட்டார். தம்பி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அளவு தப்பா இருந்துச்சு. நான் போட்ட அளவு" என்றேன்.

இனி செய்ய வேண்டியவை. இரண்டு வீட்டிலும் படித்துக் காட்டி ஒப்புக்கொள்ளச் செய்தாகிவிட்டது:

புதிய அளவுக் குச்சி செய்வது: அரைநூல். எட்டு லிட்டருக்குக் கோடு. புத்தகத்தைப் பார்த்து. நான் பக்கத்தில் நிற்பேன், பேச மாட்டேன்.

பின் சீல் மாற்றுவது, கடைசியாக ஒரு முறை: தம்பி. வண்டியைப் பிளக்கும்போது விளக்குப் பிடிப்பது: நான். குனியலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு.

திரும்பும் குழாயின் இறுக்கு வளையங்களை மாதம் ஒரு முறை பார்ப்பது: என் மனைவி. அடியில் படுத்துப் பார்க்க அவளைவிட ஆள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

நான்கு நாளுக்கு ஒரு முறை மேட்டுக்குத் தண்ணீர்: தம்பி மனைவி. இந்தக் கூத்தில் தண்ணீரில்லாமல் காய்ந்துபோன பதினோரு கன்றுகளுக்குப் பதில் புதுக் கன்று நடுவது: நானும் தம்பியும்.

காலையில் எண்ணெய் பார்ப்பது: நான். குறைந்தால் ஊற்றுவதற்கு முன் தம்பியைக் கேட்பது: நான்.

எதைக் கழற்றுவதற்கு முன்னும் என்னைக் கேட்பது: தம்பி. நான் மாட்டேன் என்று சொன்னால் மறுபடி கேட்பது: தம்பி.

பழைய குச்சியைத் தூக்கிப் போடக் கூடாது. கொட்டகைச் சுவரில், எல்லார் கண்ணிலும் படும் உயரத்தில், கோடு வெளிப்பக்கம் தெரியத் தொங்க வேண்டும். ஆணி அடிப்பது: நான்.